அயல்நாட்டுக் கட்டுரையும் அடுத்த ஊர் ஆய்வேடும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்லும் பாகூர் கொம்யூனில், நெல்வயல்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில், கடந்த கால் நூற்றாண்டு அளவில் உயர்கல்வி வளாகங்கள் சில எழுந்துள்ளன. கிருமாம்பாக்கத்தில் ஆறுபடைவீடு மருத்துவக் கல்லூரியும், அதையடுத்த பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. முன்னது சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட விநாயகா மிஷன்ஸ் நிறுவனத்தையும், பின்னது ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தையும் சார்ந்தவை என்பதால், இரண்டுமே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் உறுப்புக் கல்லூரிகளாகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தனிச்சட்டம் இயற்றி உருவாக்கியதன்று. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் அறிவிக்கை வாயிலாகப் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம். இது வெறும் நிருவாகச் செய்தி போலத் தோன்றினாலும், இத்தகைய வளாகத்தின் நூலகத்தில் பணியாற்றுவோர்க்கு அன்றாடம் உறைக்கும் வேறுபாடு. எந்த ஆய்விதழைத் திறக்க இயலும், எதை இயலாது என்பதை 2025-ஆம் ஆண்டு முதல் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது.

இப்பகுதிக்கு உயர்கல்வி புதிதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், அவ்வூரில் நடைபெற்ற வித்யாஸ்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக விடப்பட்டதைச் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பதிந்து வைத்துள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டின் அந்த ஏற்பாட்டை நூலகர் ஒருவர் படித்தால் அவர் கண்ணில் முதலில் படுவது பாடத்திட்டமன்று, கற்போர்க்கு ஆகும் செலவு ஒரு நிலையான வருவாயோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதே. படிப்பவனுக்கு வேண்டிய பொருளுக்கு யார் பணம் கட்டுவது என்னும் கேள்வி இன்றைய ஆய்வு நூலகத்திலும் தீர்ந்தபாடில்லை.

பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் நூல்களின் தொகை, இதழ்களின் தொகை, இருக்கைகளின் தொகை ஆகியவற்றில் தொடங்கி அவற்றிலேயே முடிகின்றன. ஆய்வுக் குழுவினர் வரும்போது கேட்கும் விவரங்களும் இவையே. எண்ணிக்கையைக் காட்டுவதற்காக ஆய்வுக்கு முந்திய மாதங்களில் அவசரமாக வாங்கப்படும் நூல்கள், சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெற்றபின், ஒருமுறையேனும் இரவல் போகாமல் அலமாரியில் நிற்பதுண்டு என்பதை இத்தொழிலில் இருப்போர் அனைவரும் அறிவர். ஆனால் இப்பணியில் ஆண்டுகள் செல்லச் செல்லத் தெளிவாகும் உண்மை வேறொன்று. பாஸ்டனிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வெளியான கட்டுரையைக் கண்டறிய இரண்டு நிமிடம் போதும்; பாகூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள், பக்கத்துக் கல்லூரியின் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வீடுவீடாகச் சென்று திரட்டிய தரவு எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாரம் தேடினாலும் அறிய முடிவதில்லை. ஆய்வு நூலகத்தின் பொருள்வளமும் உழைப்பும் இன்று தொலைவில் உள்ளதை அருகில் கொணர்வதில் செலவாகின்றன. அருகில் உள்ளதோ கேட்பாரின்றிக் கிடக்கிறது.

இந்நூலகங்களின் ஆய்வுச் சேவையை மிகுதியாக நாடுவோர் முதுநிலை மாணவர்களே. எம்.டி., எம்.எஸ். படிப்புகளின் மூன்றாண்டுக் காலத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்னரே அது பல்கலைக்கழகத்தில் அளிக்கப்பட்டாக வேண்டும். அதற்கு முன்னோடியாக, முதலாண்டிலேயே ஆய்வுத் திட்டச் சுருக்கம் ஒன்றை எழுதி நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். வளாகத்தில் எவரும் அதைச் சுருக்கம் என்று சொல்வதில்லை, 'சினாப்சிஸ்' என்றே சொல்வர். இரவுப் பணி முடித்துக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வரும் இளம் மருத்துவர், அடுத்த வார்டு சுற்றுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், "கைடு டாபிக் கொடுத்துட்டார் சார், ஆர்ட்டிகிள் மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்று கேட்பது வழக்கம். அவ்வாறு கேட்கப்பட்டதை அப்படியே செய்து கொடுப்பது எளிது. இருபது கட்டுரைகளைப் பென்டிரைவில் ஏற்றி அனுப்பிவிடலாம். அவற்றுள் பதினைந்து ஆய்வுக்குத் தொடர்பில்லாதவை என்பது ஆறு மாதம் கழித்து, ஆய்வேட்டின் முன்னாய்வு மதிப்புரை எழுதும்போதுதான் தெரியவரும்.

ஆகவே நோக்கீட்டுப் பணியில் தேர்ந்த நூலகர் முதலில் கணினியைத் தொடுவதில்லை, மாணவரைப் பேச விடுகிறார். வந்தவரின் உண்மைத் தேவையைக் கேள்விகளின் மூலம் வெளிக்கொணரும் இவ்வுரையாடலை நூலகவியலில் நோக்கீட்டு நேர்காணல் என்பர். யாரைப் பற்றிய ஆய்வு, எந்தச் சிகிச்சை அல்லது எந்தக் காரணி, எதனோடு ஒப்பீடு, அளக்கப்போகும் விளைவு எது என்னும் நான்கு கேள்விகளாக அதை அமைத்துக்கொள்ளும் முறை மருத்துவ நூலகங்களில் 'பைக்கோ' என்று வழங்குகிறது. நான்கில் மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை எண்ணிப் பாராமலே தலைப்பு வழிகாட்டியிடமிருந்து மாணவரிடம் வந்து சேர்ந்திருக்கும். அந்த இடத்தில் நூலகர் தலைப்பை மாற்றுவதில்லை, மாற்றும் உரிமையும் அவருக்கில்லை. ஆனால் வழிகாட்டியிடம் திரும்பிச் சென்று கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்ப முடியும். நூலகச் சேவை என்று கணக்கில் எந்த நிரலிலும் ஏறாத இந்தத் துண்டுச் சீட்டே, பல வேளைகளில், அந்நாளில் செய்யப்பட்ட மிகப் பயனுள்ள வேலையாகும்.

எடுத்துக்காட்டாக, மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் குளிர்மாதங்களிலும் புதுச்சேரி வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளலாம். புதர்களிலும் வரப்போரப் புல்லிலும் வாழும் சிறு பூச்சியின் இளம் பருவம் கடிப்பதால் பரவும் இந்நோயில், கடித்த இடத்தில் கருகிய புண் போன்ற ஒரு தழும்பு தோன்றுவது முக்கிய அடையாளம். இதைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தேடுவோர் ஓரியன்ஷியா சுத்சுகாமுஷி என்று நோய்க்கிருமியின் பெயரை மட்டும் இட்டுத் தேடினால், 1995-க்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். ஏனெனில் அவ்வாண்டுவரை அக்கிருமி ரிக்கெட்சியா பேரினத்தில் வைத்து எண்ணப்பட்டு, அதன்பின்னரே தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. டைபஸ் என்று மட்டும் இட்டால் பேன் வழிப் பரவும் வேறொரு காய்ச்சலின் போர்க்கால வரலாறெல்லாம் வந்து குவியும். தேடுசொல் என்பது அகராதிப் பொருளறிவு மட்டுமன்று, ஒரு துறையின் பெயர்மாற்ற வரலாற்றையும் அறிந்திருப்பது என்பதை மாணவர்க்குப் புரியவைக்க இந்த ஒரு நோயே போதும்.

இச்சிக்கலுக்கு விடையாக அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதிக்கு 'மெஷ்', அதாவது மருத்துவப் பொருள் தலைப்புகள், என்று பெயர். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களுள் ஒன்றை மட்டும் தலைப்பாகத் தேர்ந்து, ஏனையவற்றை அதனோடு பிணைத்து, எல்லாத் தலைப்புகளையும் பொதுவிலிருந்து சிறப்புக்கு இறங்கும் கிளைகளாக அடுக்குவது அதன் அமைப்பு. அந்நூலகம் 1996-இல் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே உலகோர் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்துவிட்ட பப்மெட் என்னும் கட்டுரைக் குறிப்புத் தளத்தில் மெட்லைன் பகுதிக்குரிய குறிப்புகள் இத்தலைப்புகளாலேயே அட்டவணைப்படுத்தப்படுகின்றன. எனினும் அண்மையில் வெளியான கட்டுரைகளுக்குத் தலைப்பு ஏறியிராது. இந்திய இதழ்கள் பல மெட்லைனில் இடம்பெறவே இல்லை. ஆதலால் மெஷ் தலைப்பையும் இயல்பான சொற்களையும் 'அல்லது' என்னும் இணைப்பால் கூட்டி, இடத்தையும் காலத்தையும் 'மற்றும்' என்னும் இணைப்பால் குறுக்கி, இரண்டு வழியாகவும் தேடுவதே நடைமுறை. 'அல்லாத' என்னும் மூன்றாவது இணைப்பைத் தொடக்க நிலையினர் தொடாமல் இருப்பது நல்லது. வேண்டாதவற்றோடு வேண்டியதையும் அது ஓசையின்றி நீக்கிவிடும்.

பொருளைக் கூறுகளாகப் பகுத்து மீண்டும் கோக்கும் இந்த முறை தமிழ்நாட்டு நூலகத்துறைக்கு அந்நியமானதன்று. கிருமாம்பாக்கத்தின் வழியே செல்லும் இதே கடற்கரை நெடுஞ்சாலையில் கடலூரையும் சிதம்பரத்தையும் கடந்தால் வரும் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் செய்ததும் இதுவே. மருத்துவத்திற்கு எல் என்னும் ஆங்கில எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, இந்தியாவுக்கு 44 என ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் தந்து, நிறுத்தக்குறிகளால் அவற்றைக் கோத்து, இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சை பற்றிய நூலுக்கு ஒரே ஓர் இடத்தை அலமாரியில் வகுத்துவிட அம்முறையால் இயலும். இந்திய நூலகங்களில் அது பெரும்பாலும் வழக்கொழிந்து, தூவி தசமப் பகுப்பே பரவிவிட்டது. மருத்துவ நூலகங்களில் 610 என்னும் எண்ணின் கீழ் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. ஆனால் பைக்கோவை முதன்முறை கேட்கும் மாணவர்க்கு அதை விளக்கும் நூலகர், தம் நூலகவியல் பாடத்தில் படித்த கோலன் எண்ணை நினைத்துக்கொண்டே விளக்குகிறார் என்பது மிகையன்று. ரங்கநாதனின் ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்னும் நான்காம் விதியை, ஒரு மணி நேர இடைவேளையில் ஓடிவரும் பயிற்சி மருத்துவரைக் கண்டவர் மறக்க இயலாது.

கட்டுரை இருக்கிறது என்று அறிவது ஒரு படி, அதன் முழுவடிவத்தைப் பெறுவது வேறொரு படி. இவ்விரண்டாம் படியில்தான் வளாகத்தின் சட்டநிலை குறுக்கே நிற்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் இதழ்களைக் கூட்டாகச் சந்தா கட்டிப் பெறும் முயற்சி, பல்கலைக்கழக மானியக்குழு 1991-இல் தொடங்கிய இன்ஃப்லிப்நெட் மையத்தைச் சுற்றி வளர்ந்தது. தனித்தனியே இயங்கிய சில கூட்டமைப்புகள் பின்னர் இ-சோத்சிந்து என்னும் பெயரில் இணைந்தன. இதன் அடுத்த கட்டமாக, 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் 13,000 அளவிலான மின்னிதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் படிக்க வழிசெய்யும் இத்திட்டம், மத்திய மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உரியதாக அமைந்தது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அதனுள் இல்லை.

இதன் விளைவைப் புதுச்சேரியின் நிலப்படத்தில் விரல் வைத்தே காட்டலாம். நகருக்கு வடக்கே காலாப்பட்டில், டியூப்ளேயின் துபாஷியும் நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கிய நூலகத்தைக் கொண்ட புதுவைப் பல்கலைக்கழகமும், நகரையொட்டிய ஜிப்மரும் அரசு நிறுவனங்கள் என்பதால் இத்திட்டத்திற்கு உரியவை. நகருக்குத் தெற்கே கிருமாம்பாக்கத்தில் உள்ள ஆய்வாளர், அதே கட்டுரையின் முன் பணம் கட்டச் சொல்லும் பக்கத்தையே காண்கிறார். பாகூர் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் எந்த மருத்துவமனைக்குச் செல்கிறார் என்பது நோயைவிடப் பேருந்தைப் பொறுத்தது. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் படிக்கக்கூடிய இதழ்கள் மட்டும் நிறுவனத்தின் உடைமையாளரைப் பொறுத்து அமைவதற்கு நியாயம் எளிதில் புலப்படவில்லை. தனியார் கல்லூரிகள் கட்டணம் பெறுவதால் தம் செலவைத் தாமே ஏற்கலாம் என்னும் வாதம் உண்டு, அதில் பொருளும் உண்டு. ஆனால் மொத்தச் சந்தாவில் கிடைக்கும் விலைக்கும் தனியொரு நிறுவனம் பேசிப் பெறும் விலைக்கும் உள்ள இடைவெளி, எந்த மேலாளரின் பேரத்திறமையாலும் நிரம்பாதது.

உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஹினாரி என்னும் சலுகைத் திட்டம் வருவாய் குறைந்த நாடுகளுக்கு இதழ்களை இலவசமாகவோ மலிவாகவோ தருவதாயினும், பொருளாதாரத்தின் மொத்த அளவு பெரிதென்பதால் இந்தியாவுக்கு அதில் இடமில்லை. ஆகவே இத்தகைய நூலகத்தில் பணியாற்றுவோர் முறையான மாற்றுவழிகளின் வரிசை ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்கின்றனர். முதலில் பார்க்கப்படுவது, 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பப்மெட் சென்ட்ரல் என்னும் முழுக்கட்டுரைக் காப்பகம். கட்டுரையாசிரியர் தம் பிரதியைத் தம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் வைத்திருக்கிறாரா என்பதைத் தேடித்தரும் அன்பேவால் என்னும் உலாவி இணைப்பு அடுத்தது. இந்திய மருத்துவ இதழ்களில் கணிசமானவை திறந்த அணுக்கத்தில், அதாவது வாசகரிடம் பணம் கேளாமல், வெளிவருகின்றன. 1913-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழும் அவற்றுள் ஒன்று. பின்னர், 1988-இல் தில்லி நூலகங்களின் வலையமைப்பாகத் தொடங்கி நாடெங்கும் பரவிய டெல்நெட் வழியாக வேறொரு நூலகத்திடம் பிரதி கேட்கலாம். எதுவும் கைகூடாதபோது கட்டுரையாசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதச் சொல்வது உண்டு. மாணவர்கள் இதற்குக் கூச்சப்படுகின்றனர். ஆனால் தம் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதில் மகிழாத ஆய்வாளர் குறைவு.

நூலகர்கள் தமக்குள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களின் பங்கையும் இங்குச் சொல்லியாக வேண்டும். காலையில் ஒரு கட்டுரையின் எண்ணை இட்டால், மதியத்திற்குள் எங்கோ ஒரு நூலகத்திலிருந்து பிரதி வந்துவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கருதாது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் பற்றிய வழக்கில் 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம், கல்விப் பயன்பாட்டுக்கான விலக்கை விரிந்த பொருளில் ஏற்றது. ஆயினும் பதிப்பகத்தோடு நூலகம் செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தம் சட்டத்தைவிடக் குறுகலாக இருப்பதுண்டு. ஒரு மாணவர்க்கு ஒரு கட்டுரை என்பதோடு நிறுத்திக்கொள்வதும், இதழின் முழுத் தொகுதியையும் ஒரே இரவில் பதிவிறக்க முயல்வோரைத் தடுப்பதும் நூலகரின் பொறுப்பாகின்றன. அப்படி ஒருவர் செய்த பதிவிறக்கத்தால் வளாகம் முழுமைக்குமான அணுக்கம் துண்டிக்கப்படுவது இத்தொழிலில் அரிதான நிகழ்வன்று.

ஒப்புமைச் சோதனை இன்று நூலகத்தின் தலையில் வந்து விழுந்துள்ள மற்றொரு வேலை. பல்கலைக்கழக மானியக்குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறையின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையான ஒப்புமை பொருட்படுத்தப்படுவதில்லை. 10 முதல் 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படலாம். மென்பொருள் அளப்பது சொற்களின் ஒற்றுமையையே தவிரத் திருட்டை அன்று. அது திருட்டா அன்றா என்பதை மனிதர் படித்தே முடிவுசெய்ய வேண்டும். இதை எத்தனை முறை விளக்கினாலும், நூலகக் கவுண்டருக்கு வருவோர் கேட்பது "பர்சன்டேஜ் எவ்வளவு?" என்னும் ஒரே கேள்விதான். எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களைத் தானியங்கி மென்பொருளில் இட்டு மாற்றுவோர், மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் 'பிரெஸ்ட் கேன்சர்' என்னும் தொடரை 'பூசம் பெரில்' என்று, அதாவது நெஞ்சின் ஆபத்து என்ற பொருள்பட, ஆக்கிய விந்தையும் உலக இதழ்களில் அச்சேறியுள்ளது. குயோம் கபனாக்கும் அவருடன் ஆய்வு செய்த இருவரும் 2021-இல் இத்தகையவற்றைத் தொகுத்து, சித்திரவதைக்குள்ளான தொடர்கள் என்று பெயரிட்டனர். போலி இதழ்களை இனங்காண உதவிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டதால், இதழின் தரத்தைத் தாமே எடைபோடும் பொறுப்பு நிறுவனங்களிடமும், நடைமுறையில் நூலகரிடமும் வந்து சேர்ந்துள்ளது.

இனி, அருகில் உள்ளதற்கு வரலாம். பாகூர் வட்டாரத்தில் ஓர் ஆய்வைத் தொடங்குவோர் இதற்கு முன் இங்கு நடந்தவற்றை அறிய முற்பட்டால், முதல் தடை எழுத்துக்கூட்டல். 2006-இல் ஒன்றியப் பகுதியின் பெயர் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என அலுவல்முறையில் மாறியதால், எந்த ஆய்விலும் இரண்டையும் இட்டே தேட வேண்டும். பாகூரும் வில்லியனூரும் கிருமாம்பாக்கமும் ஆங்கிலத்தில் மும்மூன்று வகையாக எழுதப்படுகின்றன. கட்டுரையாசிரியர்களோ பல வேளைகளில் ஊரின் பெயரைச் சொல்லாமல் தென்னிந்தியாவின் ஒரு கிராமப்புறப் பகுதி என்று எழுதி முடித்துவிடுகின்றனர். இதற்கெனக் கொம்யூன்களின் பெயர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களின் பெயர்கள், அவற்றின் மாற்று எழுத்துக்கூட்டல்கள் ஆகியவற்றைக் கோத்த தேடல் வாய்பாடு ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது வழக்கம். இரண்டு பக்கத்தில் அடங்கும் அத்தாள், விலையுயர்ந்த தரவுத்தளம் எதுவும் விற்காத பொருள்.

இரண்டாம் தடை காலம். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்றுதான் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான மாற்றம் 1962-இல் நிறைவுற்றது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பகுதி 1961 முதலே இடம்பெறுவதால், அதற்கு முந்தைய நிலவரம் வேண்டுவோர் பிரெஞ்சு ஆவணங்களை நாட வேண்டும். 1827-இல் பொது நூலகமாகத் தொடங்கப்பட்டு இன்று ரோமன் ரோலந்தின் பெயரால் வழங்கும் நூலகமும், 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் நகரில் உள்ளன. பின்னதன் புகழ் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறிய சைவச் சுவடிகளால் வந்தது. ஆனால் மருத்துவ மாணவர்க்குப் பயன்படுவது அங்குள்ள சமூக அறிவியல், சுற்றுச்சூழல் நூல்களும் நிலப்படங்களும் ஆகும். யானைக்கால் நோய், கொசு ஆகியவை பற்றி எழுதுவோர் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் வெளியீடுகளைத் தொடாமல் நகர முடியாது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் அம்மையம் நடத்திய ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முடிவுகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகின்றன. 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடும், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்ட விவரத்தாளும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைத்தும், தம் ஊரின் எண்ணை அங்கிருந்து எடுக்காமல் யாரோ ஒருவரின் கட்டுரையிலிருந்து எடுத்தெழுதும் பழக்கம் நீங்கவில்லை.

மூன்றாம் தடையே பெரிது. இவ்வட்டாரத்து நோயாளிகளிடமிருந்து திரட்டிய தரவின் மிகப்பெரும் பகுதி, முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளில் அடங்கியுள்ளது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் வேரூன்றிய சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியம் முனைவர் பட்ட ஆய்வேடுகளையே முதன்மையாகக் கொண்டது, எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகள் அதனுள் வருவதில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் கீழுள்ள கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளை இணையத்தில் திறந்து வைத்திருப்பதால், தமிழ்நாட்டின் அப்பல்கலைக்கழகக் கல்லூரிகளில் நடந்தவற்றைக் கிருமாம்பாக்கத்தில் அமர்ந்தே படிக்க முடிகிறது. புதுச்சேரியின் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்த ஏற்பாட்டிற்கு வெளியே நிற்பவை. பொதுவாக இத்தகைய வளாகங்களில் ஆய்வேட்டின் ஒரு படி துறைத்தலைவர் அறையின் அலமாரியிலும், ஒரு படி நூலகத்திலும், இன்னொன்று தேர்வாளரிடமும் இருக்கும். அதனால் ஒரே கிராமத்தில் ஒரே கேள்வியோடு இரண்டு கல்லூரி மாணவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், அடுத்தடுத்த ஆண்டுகளில் வீடுவீடாகச் செல்லும் நிலை உண்டாகிறது. பதில் சொல்லும் பெண்கள்தாம், "போன வருஷமும் இதையேதானே கேட்டாங்க" என்று முதலில் சொல்கின்றனர்.

இதற்குத் தொழில்நுட்பம் தடையன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் எச்.பி. நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, சாதாரணக் கணினி ஒன்றிலேயே நிறுவனக் களஞ்சியம் அமைக்கலாம். தடை தயக்கத்தில் உள்ளது. ஆய்வேட்டிலிருந்து இதழ்க் கட்டுரை எழுதுமுன் பிறர் எடுத்துக்கொள்வர் என்று வழிகாட்டிகள் அஞ்சுகின்றனர்; அதற்கு, முழு ஆய்வேட்டை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மூடிவைத்து, சுருக்கத்தை மட்டும் உடனே வெளியிடும் கால அடைப்பு முறை உண்டு. நோயாளியின் படமும் மருத்துவமனை எண்ணும் பின்னிணைப்பில் அப்படியே கிடப்பதைக் காணும் நூலகர், அதை நீக்கித் தருமாறு மாணவரிடம் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் மட்டும் கொண்ட பட்டியல் குறிப்பால் பயன் சிறிதே. ஆய்வு நடந்த கொம்யூன், கிராமம், ஆரம்ப சுகாதார நிலையம், தரவு திரட்டிய மாதங்கள், பயன்படுத்திய வினாப்பட்டியல் ஆகியவற்றுக்கும் தனிக் களங்கள் வைத்தால்தான், அடுத்து வருபவர் ஊர்ப்பெயரை இட்டுத் தேட முடியும்.

முன்னர் அச்சுப் படியோடு ஒரு குறுந்தகடும் வாங்கப்பட்டது. அவற்றுள் பல இன்று திறப்பதில்லை, திறந்தாலும் உள்ளே இருப்பது இறுதி வடிவம்தானா என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் படிப்பு முடித்துச் செல்வோர் பெறவேண்டிய 'நோ டியூ' சான்றில் நூலகரின் கையெழுத்து விழும் நாளில், எடுத்த நூல்களைத் திருப்பியதோடு, ஆய்வேட்டின் இறுதிப் பிடிஎஃப் கோப்பும் ஒப்புதல் படிவமும் நிரப்பிய களங்களும் வந்து சேர்ந்துள்ளனவா என்று பார்ப்பது சில வளாகங்களில் நடைமுறையாகியுள்ளது. வேறெந்த அதிகாரமும் இல்லாத நூலகருக்கு அந்தக் கையெழுத்து ஒன்றே பிடிமானம். அதையும் சான்றிதழுக்காக இரயில் டிக்கெட்டோடு காத்து நிற்பவரிடம் கடுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை என்பதால், இறுதியாண்டின் தொடக்கத்திலேயே படிவத்தை வார்டுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகின்றனர்.